நாங்கள் வெட்டிவிட்ட கரை

அடையாறு என்றால் சென்னைக்காரர்களுக்கு ஒரு பாலமும், அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு கைக்குட்டையும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஆறு எங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது என்று சொன்னால், கூட வேலை செய்கிறவர்களே என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்குப் பக்கம். எங்கள் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலங்கலைத் தாண்டி ஓடி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதை மறுபடி ஓட வைக்கிறோம் என்று நாங்கள் பதினோரு பேர் கிளம்பினோம். கிளம்பாமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

பதினோரு பேருக்கும் ஒரகடத்தில்தான் வேலை. நான் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். மற்றவர்கள் பெயின்ட் ஷாப், ஸ்டோர்ஸ், ஃபோர்க்லிஃப்ட் என்று ஆளுக்கு ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தியும் மண்வெட்டியுமாக, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஓடையில் இறங்குவோம். காட்டாமணக்கை வெட்டினோம். தெர்மகோல், உடைந்த ஹெல்மெட், கிழிந்த மெத்தை என்று உள்ளேயிருந்து என்னென்னவோ வந்தது. கையெல்லாம் கொப்புளம். திங்கட்கிழமை கேஜைப் பிடித்து அளவு பார்க்க விரல் மடங்காது. அதிலும் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மற்றவர்களுக்கு ஆற்றைப் பற்றிய கனவு. எனக்கு ஆறெல்லாம் அப்புறம்தான். என் அத்தையின் நிலம்தான் முதலில். அப்பாவின் தங்கை. மாமா போன பிறகும் ஏரிக்குக் கீழே, கலங்கல் வாய்க்கால் ஓரத்தில், அரை ஏக்கரில் இன்னும் நெல் வைக்கிற ஒரே ஆள் அவள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் விற்றுவிட்டார்கள். விடிகாலையில் வயலுக்குப் போய்விட்டு, பிறகு கம்பெனி பஸ் பிடித்து எங்கள் கேன்டீனுக்குச் சோறு பரிமாற வருவாள். ஓவர்டைம் ஷிப்ட் ஓடுவதால் ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலைதான். வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்த வயல் அரிசிதான் எங்கள் வீட்டுப் பானையில் வேகும். ஏரி நிரம்பினால் அந்த வயல் பிழைக்கும் என்பதுதான் என் கணக்கு.

கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் எந்த இடத்தில் வேலை தேங்குகிறதோ, அதைப் பாட்டில்நெக் என்பார்கள். அதைக் கண்டுபிடி, உடை, மறுநாள் பார், எல்லாம் தானாக ஓடும். பத்து வருஷமாக எங்கள் மண்டையில் ஏற்றியிருப்பது இதுதான். ஓடையிலும் அதையே செய்தோம். இறங்குவதற்கு முன் வட்டமாக நின்று ஐந்து நிமிஷம் மீட்டிங் போட்டோம், போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஏரிக்கு அரை கிலோமீட்டர் மேலே ஓடையின் கோடு சட்டென்று அறுந்து நின்றது. நேரில் போனால், மார்பு உயரத்துக்கு ஒரு மண்கரை. கோரையும் முள்ளும் மண்டிக் கிடந்தது. அதற்கு மேற்புறம் தண்ணீர் கறுத்துத் தேங்கி, பக்கத்தில் இருந்த பழைய கிராவல் பள்ளத்துக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னாப்பா இது, தண்ணி வர வழில எவனோ கரைய கட்டி வெச்சிக்கிறான்!" என்றான் ஸ்டோர்ஸ்காரன்.

"இதான் பாட்டில்நெக்" என்று சொன்னது நான். வேறு யாரும் இல்லை, நான்தான்.

நாறியது. தேங்கி நிற்பதால் நாறுகிறது, ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினோம். கரையைத் தாண்டி நூறு அடி மேலே நடந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு ஞாயிறு கையால் வெட்டினோம், மூன்றாவது ஞாயிறு தெரிந்தவரிடம் ஜேசிபி கேட்டு வாங்கி மிச்சத்தை வாரி எறிந்தோம். தேங்கியிருந்த தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடி, காய்ந்து கிடந்த ஓடை மண்ணிலேயே ஊறிவிட்டது. கம்பெனியில் விஷயம் தெரிந்து ஆளுக்கு ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். கேன்டீன் போர்டில் பிஃபோர், ஆஃப்டர் என்று போட்டு இரண்டு போட்டோ ஒட்டினார்கள். சாப்பிடப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போவேன்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை கொட்டியது. குடையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நின்றோம். தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறம், விசில் அடித்தோம். அதன் பின்னால் கறுப்பாக வந்தது. சோப்பு நுரையும் மலமும் எண்ணெய்ப் படலமுமாக வந்துகொண்டே இருந்தது. விசில் அடித்தவர்கள் வாயை மூடிக்கொண்டோம்.

மறுநாள்தான் ஓடையோடு மேலே நடந்தோம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்குவதற்காக வரிசை வரிசையாகக் கட்டிய ரூம்கள், நடுவில் இரண்டு மூன்று ஷெட்டுகள். எல்லாவற்றின் குழாயும் ஓடையைப் பார்த்துத்தான் நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவ்வளவையும் ஏரிக்குள் விடாமல் பள்ளத்துக்குத் திருப்பியது அந்தக் கரை. எங்கள் பதினோரு பேரில் ஒருவன் திருநெல்வேலிப் பையன், அதில் ஒரு ரூமில் குடியிருப்பவன். முகம் வெளுத்துப் போய், "அண்ணே, நான் குளிக்கிற தண்ணியும் இதுலதான் வருதா? எனக்குத் தெரியவே தெரியாதுண்ணே" என்றான்.

ரூம் கட்டியவர் ஒருவரிடம் போய்ப் பேசினோம். அவர் கோபப்படவே இல்லை. "உங்க கம்பெனி ஆளுங்கதானேப்பா தங்கிகினு கீறாங்க? குளிக்காத, வெளிய போவாதன்னு நீயே சொல்லிட்டுப் போ" என்றார். வந்துவிட்டோம். பிறகு கலெக்டர் ஆபீஸில் எழுதிக் கொடுத்த மனு எந்த மேஜையில் கிடக்கிறதோ, இன்றுவரை தெரியாது.

நாலாம் நாள் ஏரியில் கெண்டையும் கெளுத்தியும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மதகு வழியாக அந்தத் தண்ணீர் பாய்ந்ததில் அத்தை நட்ட பயிர் பத்தே நாளில் மஞ்சளித்து, வேரோடு அழுகியது. நான் போனபோது அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பிடி பயிர். இழுத்தால் அப்படியே வருகிறது என்று காட்டினாள்.

"அத்தே, அந்தக் கரைய வெட்டினது நாங்கதான்."

"தெரியும்டா. உங்க மாமா போட்ட கரை அது. மேல ரூமுங்க கட்டும்போதே, அந்தத் தண்ணி ஏரிக்கு வரக் கூடாதுன்னு ஒண்டியா மண்ண வெட்டிப் போட்டாரு."

"நாங்க வெட்னது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேன்டீன்ல ஒட்டிக்கிறாங்களே போட்டோ. மொத படத்துல அந்தக் கரைதானே கீது. பாத்த ஒடனே தெரிஞ்சிகினேன்."

"அப்பவே சொல்லிருக்கலாம்ல? மழைக்கு முன்னாடி திரும்பப் போட்டிருப்போமே."

"நீங்க படிச்ச புள்ளைங்க. மேல எல்லாத்தையும் சரி பண்ணிட்டுதான் அதுல கைய வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் நிஜமாகவே அப்படி நம்பியிருக்கிறாள். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பதினோரு ஆம்பளைகள் மூன்று மாதம் மேப்பை அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தத் தண்ணீரில் பயிர் வைக்கிற ஒரே மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் என் தட்டில் சோறு போடுகிறவள். எனக்கு அங்கேயே வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. அழக்கூட எனக்கு என்ன யோக்கியதை?

குரூப் அதோடு அமைதியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு நானும் திருநெல்வேலிப் பையனும் மட்டும் சிமென்ட் கோணிகளில் மண்ணை நிரப்பிக்கொண்டு போய், கரை இருந்த இடத்தில் அடுக்க ஆரம்பித்தோம். ஏழெட்டு மூட்டை வைத்திருப்போம். அத்தை வந்து நின்றாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

"இன்னாடா பண்றீங்க?"

"அடைக்கிறோம் அத்தே. இனிமே ஏரிக்குள்ள வராது."

"வந்ததுதான் உள்ள நின்னுகினு கீதே. ஏரி ரொம்பி வழிஞ்சாதான் அது வெளிய போவும். இப்ப அடச்சா ரொம்பாது, அங்கியே நின்னுடும்."

"தெறந்து வுட்டா இன்னும் வருமே?"

"வரும்."

அவ்வளவுதான் சொன்னாள். பையன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றான். வைப்பதா இறக்குவதா என்று என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியவில்லை. ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் ஓகே, ரிஜெக்ட் இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளமே.

"அடுத்த வருஷம் எப்படியாவது பயிர் வெச்சிடலாம் அத்தே" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நெலத்த குடுத்துட்டேன்டா. ரூம் கட்டப் போறாங்க. அந்த ரூமுங்க தண்ணிய எங்க வுடுவாங்கன்னு நான் கேக்கல. நீயும் கேக்காத."