தொண்ணூற்றொரு சதவீத மனு

மனு டைப் அடிக்கிறவளுக்கு எல்லார் வீட்டுக் கஷ்டமும் தெரியும். எதற்காவது பதில் வந்ததா என்பது மட்டும் தெரியவே தெரியாது. சீர்காழிப் பக்கம், ஜெராக்ஸும் டைப்பிங்கும் சேர்ந்த ஒரு பத்தடிக் கடை என்னுடையது. நாலு வயது மகள் மேசைக்கு அடியில் குடித்தனம் நடத்துவாள், நான் மேலே நடத்துவேன். "இன்னும் கொஞ்சம் அழுத்தமா அடிம்மா" என்று கேட்டுக் கேட்டே விரல் தேய்ந்தவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

வெயிலில் காய வைக்கலாமா?

ஒரு நாள் போனில் ஓர் இணையதளம் கண்ணில் பட்டது. நாம் எழுதியதை அதில் போட்டால், எந்தப் பெரிய எழுத்தாளர் மாதிரி எழுதுகிறோம், எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுமாம். தமிழும் எடுக்குமாம்.

அந்த நேரம் பார்த்து வசந்தா அக்கா வந்தார். அறுத்த குறுவை நெல் பத்து நாளாக ரோட்டோரம் குவிந்து கிடக்கிறது. அவர் ஊர் அரசு நெல் கொள்முதல் நிலையம் இன்னும் திறக்கவில்லை. வானமோ தினமும் கறுக்கிறது. ஒரு மழை பெய்தால் அத்தனையும் முளைத்துவிடும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கொடுக்க ஒரு மனு வேண்டும்.

நாலே வரியில் அடித்து முடித்து, சும்மா அந்தத் தளத்திலும் போட்டேன். பனி கொட்டுகிற தேசத்து நாவலாசிரியர் ஒருவர் மாதிரியாம், எழுபத்தெட்டு சதவீதம்! நான் குதித்தேன். அக்கா முகம் சுண்டிவிட்டது. நெல்லில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினாலே மூட்டையைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்துப் பழகியவர் அவர்.

"எழுபத்தெட்டா? அய்யய்யோ, எடுத்துக்க மாட்டாங்களே! இந்தப் பேப்பரை ஒரு நாள் வெயில்ல காயவெச்சு எடுத்தாரட்டுமா தங்கச்சி?"

பக்கத்துக் குவியல்

அக்காவின் குவியலை ஒட்டித்தான் கோவிந்தராஜ் மாமாவின் குவியலும். விஷயம் கேள்விப்பட்டு மறுநாளே வந்துவிட்டார். அவர் மனுவுக்கு அறுபத்தொன்று வந்தது. எழுத்தாளரும் நம் மாவட்டத்துக்காரர். மாமா கையெழுத்தே போட மாட்டேன் என்றுவிட்டார். நல்ல ஆள் கிடைக்கும் வரை மனுவே வேண்டாமாம். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சினோம், ஒரே மெஷின்ல அறுத்தோம். அவளுக்கு வெளிநாட்டுக்காரரு, எனக்கு மட்டும் பஸ்ல போய்ட்டு வர்ற தூரத்துல ஒருத்தரா?"

குருவி

ஆக, ஊருக்கு மிச்சம் அக்கா மனு ஒன்றுதான். அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் என் கட்டுரைகளுக்குத் தமிழ் ஐயா "பரவாயில்லை"க்கு மேல் போட்டதே இல்லை. தொண்ணூறைத் தொட்டுப் பார்த்துவிடும் ஆசை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கருமேகம் ஒன்று சேர்த்தேன், எண்பத்தொன்று. நெற்குவியல் மேல் இறக்கை நனைந்த ஒற்றைக் குருவியை உட்கார வைத்தேன், எண்பத்தாறு. ஊர்ப் பேர், பட்டா எண், போன் நம்பர் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன், தொண்ணூற்றொன்று! மூன்று பக்கம் ஆகியிருந்தது. பக்கத்துத் தார்ப்பாய்க் கடைக்கார பாயைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மனசைப் பிசைஞ்சுட்டியேம்மா. மவுத்தானது யாரு? அடக்கம் எப்ப?"

மனு நாள்

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதிகாரி தொண்ணூற்றொன்றைப் படிக்கிற முகத்தைப் பார்க்க, கடையைச் சாத்திவிட்டு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்காவோடு நானும் போனேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்னை நம்பிக் கைநாட்டு வைத்திருந்தார்.

அதிகாரி மூன்று பக்கத்தையும் படித்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. எந்த ஊரு, எந்த நிலையம்? ஒண்ணையும் காணோமே, இதை நான் யாருக்கு அனுப்பறது?" என்றார்.

ஒரு போகம் முழுக்க அக்கா சேற்றில் நின்றதை, ஐந்து சதவீதத்துக்காக நான் அழித்திருக்கிறேன். மகளைக் கீழே இறக்கிவிட்டு, மனுவை வாங்கி, பின்பக்கத்தில் பேனாவால் ஊர், பட்டா, போன் எல்லாம் கிறுக்கினேன். அதற்குள் அதிகாரி அக்கா பக்கம் குனிந்து, "அந்தக் குருவி பொழைச்சுதாம்மா?" என்று கேட்டார்.

எந்தக் குருவி என்றே அக்காவுக்குத் தெரியாது. ஆனாலும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அதுக்கென்னங்க, என் நெல்லைத் தின்னுட்டுக் கொழுகொழுன்னு இருக்கு. நீங்க இன்னிக்கே ஆள் அனுப்பலைன்னா, மூட்டை பிடிக்க அது ஒண்ணுதான் மிஞ்சும்!"

அதிகாரி சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். மறுநாள் காலை நிலையம் திறந்தது. கடைசிச் சாக்கைத் தைத்து முடித்த பிறகுதான் மழை பிடித்தது. இப்போதெல்லாம் ஊர்ப் பேரை முதல் வரியிலேயே அடித்துவிடுகிறேன், சதவீதம் இறங்குகிறதே என்று மனசுக்குள் கொஞ்சம் வலித்தாலும்.