கோழிகளுக்குப் போட்ட மாத்திரை

கண்டி மலையில் தெல்தோட்டைப் பக்கத்தில், நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்திலேயே மிகத் தெம்பாக வாழ்ந்தவை எங்கள் வீட்டுக் கோழிகள். காரணம், ஏழு வயது நான்.

சனிக்கிழமைதோறும், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயா பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரு வாரத்துக்கான விற்றமின் மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுப்பார். எனக்கு அந்தக் கசப்பு ஆகாது. வீட்டுக்கு வரும் வழியிலேயே பொடித்துக் கோழிகளுக்குப் போட்டுவிடுவேன்.

என் தங்கைக்கு மட்டும் பொட்டலம் கிடையாது. பிறந்த சில நாளிலேயே தொடங்கிய வலிப்பு, மூன்று வயதாகியும் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றால் ஐயா சீறுவார்.

"காக்கா வலிப்புப் புள்ளைக்கு விட்டமின் எதுக்கு? தின்னுட்டு டாக்டராவா வரப்போகுது? தள்ளி நில்லு!"

சொன்ன கையோடு எனக்கு ஒரு பொட்டலம் கூடவே தருவார், வருங்கால டாக்டர் நான்தான் என்பதுபோல. இதை எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வரிசையில் எல்லாரும் கை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். நானும்தான்.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மாதான் முதன்முதலில் தங்கையை நிமிர்ந்து பார்த்தவர்.

"பிள்ளையின்ர ரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்ப்பம் அம்மா. பிறப்பிலேயே ஒரு குறை இருக்கலாம்."

ஊசி குத்தியபோது தங்கை அழவில்லை. துணைக்குப் போன வீரன் நான்தான் மயங்கி விழுந்தேன். தாதி அவளை விட்டுவிட்டு எனக்குச் சோடா தேடினார்.

அன்றே ஒரு மாத்திரையையும் தொடங்கினார் டாக்டரம்மா. வாரங்கள் போயின. வலிப்பு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து ரத்த முடிவு வந்த நாளில் அம்மா கேட்டாள்.

"இது என்னா மருந்துங்க டாக்டரம்மா?"

"விற்றமின்தான் அம்மா. எங்களுக்குச் சாப்பாட்டில கிடைக்கிறது போதும். இவவின்ர உடம்புக்கு அது காணாது. ஒவ்வொரு நாளும் கூடக் குடுக்கவேணும், விடக்கூடாது."

திரும்பும் பஸ்ஸில் அம்மா அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துப் பார்த்து அழுதாள். ஐயா எங்களுக்குக் கொடுத்த அளவு தங்கைக்குப் போதுமானதாக இருந்திருக்காது என்று இன்று எனக்குத் தெரியும். அதற்காக, தள்ளி நில் என்ற அந்த வாயை மன்னித்துவிட முடியுமா?

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்கும் மாத்திரை கசக்கிறது என்பதுதான். காதோரம் ஆறுதல் சொன்னேன்.

"அழாதம்மா. நான் எல்லாத்தையும் கோழிக்குத்தானே போடுறேன்."

பளாரென்று விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. கோழிகளை நினைத்துப் பயந்துவிட்டாள் போலும் என்று, கன்னத்தைத் தடவிக்கொண்டே சமாதானமும் சொன்னேன்.

"அதுகளுக்கு ஒண்ணும் ஆகலம்மா. நல்லா முட்டை போடுது."