எங்கே நின்று பார்த்தாய்

"நீ எங்கடா நின்னு பாத்த?"

கபடியைப் பற்றி எழுதுகிற ஆளை எத்தனையோ கேள்வி கேட்கலாம். ஆடியிருக்கிறாயா என்று கேட்கலாம், விதி தெரியுமா என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் பிரவீணாவிடம் பதில் இருந்தது. இந்தக் கேள்விக்கும் இருந்தது. ஆனால் இதற்குப் பதில் சொன்னால் அவள் குடித்தனம் சந்தி சிரித்துவிடும். அதுதான் சிக்கல்.

ஜெயங்கொண்டம் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதில் டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. பட்டா மாறுதலுக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் சொல்வதை ஒரு பக்க மனுவாக ஆக்கிக் கொடுப்பாள். மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில்தான் ஃபேஸ்புக்கில் அந்தப் பேஜைத் தொடங்கினாள். பேர், 'கோட்டுக்கு உள்ளே'. பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்த ஊரில் கபடி நடந்தாலும் யாராவது நேரலை போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்து, எவன் எங்கே கோட்டை விட்டான், ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிற எந்த கார்னர் ஒரு அடி முந்திவிட்டான் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதுவாள். முகமும் கிடையாது, பேரும் கிடையாது. படிக்கிறவர்களாகவே 'அட்மின் அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் ஆம்பளை என்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை. கபடியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன் ஆம்பளையாகத்தான் இருப்பான் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டால் அவள் என்ன செய்வாள்?

அவளும் சும்மா வந்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் இடது கார்னர் ஆடியவள். அவள் கையில் கணுக்கால் சிக்கினால் அத்தோடு சரி, ரைடு வந்தவள் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். அருள்முருகன் அவளை முதலில் பார்த்ததே ஆடுகளத்தில்தான். விசிலடிக்க வந்தவன், 'ஆட்டம்னா இது ஆட்டம்' என்று வீடு தேடி வந்து பெண் கேட்டான். கல்யாணமாகி ஒரு மாசம் போயிருக்கும். "இனிமே என்னாத்துக்குப் புள்ள ஆட்டமெல்லாம்?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் எகிறியிருப்பாள். பாவி, சிரித்துக்கொண்டே சொன்னான். சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் முதலில் எதிர்க்க வேண்டும் என்று அந்த வயதில் யாருக்குத் தெரிகிறது?

மற்றபடி அருள்முருகன் கெட்டவன் இல்லை. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு வாத்தியார். சனி, ஞாயிறு ஊர் ஊராய்ப் போய்க் கபடிக்கு ரெஃப்ரீயாக நிற்பான். மாநில அளவிலான நடுவர் பட்டியலில் இந்த வருஷமாவது பேர் வந்துவிடும் என்று காத்திருந்தான். 'கோட்டுக்கு உள்ளே' பேஜை விடாமல் படிப்பான். "இவன் எழுதறான் பாரு, வெஷயம் தெரிஞ்சவன்," என்று பொண்டாட்டியிடமே போனை நீட்டிக் காட்டுவான். அவளும் படிப்பதுபோலப் படித்துவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரித்துக்கொள்வாள்.

அந்தச் சிரிப்புக்கு வந்தது வினை.

மாசி மாசத்தில், முந்திரித் தோப்பை ஒட்டிய ஓர் ஊரில் பெண்கள் கபடி. இறுதி ஆட்டத்துக்கு அருள்முருகன்தான் ரெஃப்ரீ. தெருப் பெண்கள் வேன் வைத்துக்கொண்டு போனார்கள், பிரவீணாவும் தொற்றிக்கொண்டாள். ஆம்பளைகளுக்கு நாற்காலி, கமிட்டிக்காரர்களுக்கு மேடை. பெண்களை மோட்டார் கொட்டகை ஓரமாகக் கயிறு கட்டித் தரையில் உட்காரவைத்துவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு பக்கத்துப் போனஸ் கோடு அவள் கண்ணுக்கு நேராக ஓடியது.

உள்ளூர் அணிக்கும் உடையார்பாளையம் பக்கத்து அணிக்கும் ஆட்டம் சமம். கடைசி ரைடு. எதிரே ஆறு பேர் நிற்கிறார்கள். ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது, முன்காலைப் போனஸ் கோட்டுக்கு அந்தப்பக்கம் வைத்து, பின்காலை அந்தரத்தில் தூக்கிவிட்டால் ஒரு புள்ளி. உடையார்பாளையம் அணியிலிருந்து அபிநயா என்கிற காலேஜ் பெண் பாடிப் போனாள். முன்கால் உள்ளே போனது, பின்கால் தூக்கியது. தாழ்வாக அடித்த சாயங்கால வெயில் அந்தப் பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் புகுந்து வந்ததைப் பிரவீணா பார்த்தாள். நின்றுகொண்டிருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தால்தான் தெரியும். மேடைக் கூரையில் கட்டியிருந்த கேமராவிலும் தலைகள்தான் விழுந்தன.

அருள்முருகன் போனஸ் இல்லை என்று கையை ஆட்டினான். கூடுதலாகக் கொடுத்த ரைடுகளில் உள்ளூர் அணி ஜெயித்தது. அபிநயா அழவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தபடி நின்றாள். அந்த நிற்பு பிரவீணாவை என்னவோ செய்தது. மறுநாள் கடையில் உட்கார்ந்து எழுதினாள்: 'அது போனஸ்தான். பின்கால் அந்தரத்தில் இருந்தது. நடுவர் தவறிவிட்டார்.' புருஷன் பேரைப் போடவில்லை. போடாவிட்டால் தெரியாதா என்ன?

பிடித்துக்கொண்டார்கள். 'நீ ஆடியிருக்கியா?' என்றான் ஒருவன். 'ஆடியிருக்கிறேன், இடது கார்னர்' என்றாள். 'விதி தெரியுமா?' விதியை எடுத்துப் போட்டாள். 'எவன் காசு குடுத்தான்?' 'யாரும் கொடுக்கவில்லை.' அப்புறம் சிங்கப் படம் வைத்த ஒருத்தன் வந்தான். 'அன்னைக்கு நான் மேடைக்குப் பக்கத்துலதான் நின்னேன். எனக்குத் தெரியல. உனக்கு மட்டும் எப்புடிடா தெரிஞ்சுது? நீ எங்கடா நின்னு பாத்த?' அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

பிரவீணா எழுதி எழுதி அழித்தாள். மேடை ஓரம் என்றால் அங்கிருந்து பின்கால் தெரியாது. நாற்காலிப் பக்கம் என்றாலும் தெரியாது. பொய்யாக எந்த இடத்தைச் சொன்னாலும் அவள் பார்த்தது பொய்யாகிவிடும். உண்மையான இடத்தைச் சொன்னால், கயிற்றுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களில் கார்னர் ஆடினவள் யார் என்று தேட எவனுக்கும் அரை நாள் போதும். ரெஃப்ரீயின் பொண்டாட்டியே ரெஃப்ரீயை நாறடித்தாள் என்று ஊர் பேசும். அப்புறம் அவன் எந்த மைதானத்தில் போய் விசில் அடிப்பான்?

கூத்து அதோடு முடியவில்லை. அருள்முருகனுக்குப் போனில் தமிழ் அடிக்க வராது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனை அவள் மடியில் போட்டான்.

"ஏ பிரவீணா, அந்த அட்மினுக்கு நான் சொல்லச் சொல்ல அடி. அரவேக்காட்டுப் பயலே."

"அப்புடியேவா அடிக்கச் சொல்றீங்க?"

"அப்புடியே அடி! பின்ன என்னா? பொம்பள மாதிரி ஒளிஞ்சிக்கிட்டு எழுதற. ஒரு அப்பனுக்குப் பொறந்தவனா இருந்தா முன்னாடி வந்து பேசு."

அவள் விரல் நின்றது. "அப்பனெல்லாம் எதுக்குங்க? நீங்க வாத்தியாரு."

"சரி, அத எடுத்துரு. நீ எங்க நின்னு பாத்தன்னு கேளு. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேளு."

கேட்டாள். தன்னையே கேட்டாள், தன் கையாலேயே. 'பொம்பள மாதிரி ஒளிஞ்சிக்கிட்டு' என்பதை மட்டும் அவள் எடுக்கவில்லை. மனு எழுதி எழுதிப் பழகின கை, வாக்கியத்தை அவன் சொன்னதைவிட நன்றாகவே அமைத்துவிட்டது. படித்துப் பார்த்து அருள்முருகன் அவள் தோளைத் தட்டினான்.

அந்த வாரம் பூராவும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தச் சமயம் பார்த்து இப்படியாகிவிட்டதே, பட்டியலில் பேர் வராது என்று சுவரைப் பார்த்துப் பேசினான். சனிக்கிழமை கடையை மூடுவதற்கு முன்னால் அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அடித்தாள்: 'நான் தவறாகப் பார்த்துவிட்டேன். நடுவரின் முடிவே சரி. மன்னிக்கவும்.'

கைதட்டினார்கள், கெக்கலி கொட்டினார்கள். 'அட்மின் அண்ணா அவுட்' என்று படம் போட்டார்கள். இத்தனை வருஷமாக எழுதினதெல்லாம் அப்போ கதைதானா என்று கேட்டவர்களும் உண்டு. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அருள்முருகன் விடியும்போதே போய் ஆட்டுக்கறி வாங்கி வந்தான். பழைய ஆளாகிவிட்டான். இரண்டாம் சோறு போட்டுக்கொள்ளும்போது குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொல்றேன், வெளிய வுட்றாத. அந்தப் புள்ள கால் மேலதான் இருந்துச்சு."

குழம்புக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. "என்னாங்க சொல்றீங்க?"

"கைய ஆட்டிக்கிட்டு இருக்கறப்பவே பாத்தேன், பின்கால் மண்ணுல இல்ல. ஆட்டுன கைய எப்புடி எறக்கறது? பின்னாடி கமிட்டிக்காரனுவ அத்தன பேரும் எந்திரிச்சு நிக்கறானுவ."

"அப்ப அவரு எழுதுனது நெசம்."

"நெசந்தான். அதான் எனக்குச் சோறு எறங்கல. இப்பத்தான் அவனே தப்புன்னு ஒத்துக்கிட்டானே, வுடு." கறித்துண்டைத் தேடி எடுத்தான். "எவன் என்னா சொன்னானோ, பயந்துட்டான் பாவம்."

அவளுக்கு அந்தக் குழம்புச் சட்டியைத் தூக்கி வாசலில் எறியலாம்போல இருந்தது. யாருக்காக அவள் தன் வாயால் தன்னைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டாளோ, அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரிந்தே திட்டியிருக்கிறான், அதையும் அவள் கையாலேயே அடிக்கவைத்திருக்கிறான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். வேறு என்ன செய்ய? கேட்டால் தன்னைச் சொல்ல வேண்டும்.

அவன் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே படுத்துவிட்டான். அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு அவள் போனை எடுத்தாள். பேஜுக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது.

'அண்ணா, நான் அபிநயா. அன்னைக்கு அந்த ரைடு போன பொண்ணு. என்னாலதான் தோத்தோம்னு எல்லாரும் பேசுனாங்க. நான் உங்க போஸ்ட்டத்தான் எங்கப்பாகிட்ட காட்டுனேன். படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம பிராக்டிஸுக்கு அனுப்புனாரு. இப்ப நீங்களே தப்பா பாத்தேன்னு போட்டுட்டீங்க. ஆட்டம் போதும், மாப்பிள்ள பாக்கச் சொல்லிட்டேன்னு சொல்றாரு. நான் பொய் சொல்லலண்ணா. நீங்க ஒருத்தராவது பாத்தீங்கன்னு நெனச்சேன்.'

இனிமே என்னாத்துக்குப் புள்ள ஆட்டமெல்லாம். அந்தப் பழைய சிரிப்பு இப்போதுதான் கேட்டதுபோல அவள் காதில் விழுந்தது.

எழுதினால் நம்ப மாட்டார்கள். எழுத்தின் மரியாதையை நேற்றுச் சாயங்காலம் அவளே கெடுத்தாயிற்று. குரல்தான் பாக்கி. அந்தக் குரலை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. கால் பண்ணினாள்.

"அண்ணா?"

"அண்ணா இல்லம்மா, அக்கா. ஒங்கப்பா இருந்தா போனைக் குடு."

போன் கைமாறியது. அப்புறம் ஒரு தடித்த குரல் வந்தது. "அண்ணாதுரை பேசறேன். யாரு?"

"ஐயா, கபடி பேஜுல எழுதறது நாந்தாங்க. ஒங்க பொண்ணு போனஸ் எடுத்தது நெசங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

"நீங்கதானம்மா தப்பாப் பாத்தேன்னு எழுதுனீங்க?"

"பயந்துபோயி எழுதிட்டேங்க. தப்பாப் பாக்கல."

"எங்க நின்னும்மா பாத்தீங்க? அத்தன ஆம்பளைங்களுக்குத் தெரியாதது ஒங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

வந்துவிட்டது அதே கேள்வி. இந்தத் தடவை அழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

"நிக்கலங்க, தரையில ஒக்காந்திருந்தேன். மோட்டார் கொட்டா ஓரம், பொம்பளைங்களைக் கயிறு கட்டி ஒக்கார வெச்சிருந்தாங்கள்ல, அங்க. கோடு எனக்கு நேரா இருந்துச்சு. பாப்பா பின்காலுக்கு அடியில வெயில் தெரிஞ்சுதுங்க. நானும் ஆடுனவதான். தயவுபண்ணி அவள நிறுத்தாதீங்க."

அவளை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டிருந்தது. கூடத்தில் கட்டில் கிறீச்சிட்டது. அருள்முருகன் எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்றான். லுங்கியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. எந்த இடத்திலிருந்து கேட்டானோ தெரியவில்லை, முகம் வெளிறியிருந்தது.

"யாரு புள்ள போன்ல?" என்றான். "யாரப் பத்திப் பேசற?"

போனில் அண்ணாதுரை இருமினார். "சரிம்மா. நாளைக்கு நாலு பேரு கேட்டா யாரு சொன்னான்னு சொல்றது? நீங்க யாரு?"

பிரவீணா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டவில்லை. அவள் கண்ணை அவன்மேலிருந்து எடுக்காமலே போனுக்குச் சொன்னாள்.

"அன்னைக்கு விசிலடிச்சாரே ரெஃப்ரீ அருள்முருகன், அவரு சம்சாரங்க. பேரு பிரவீணா. அவரும் பாத்தாரு. இங்கதான் நிக்கறாரு, கேளுங்க."

போனை அவன் பக்கம் நீட்டினாள்.