சளி பிடித்த கிட்டார்

மாமா அந்தக் கிட்டாரைக் கொண்டுவந்தபோது எனக்குப் பதினொரு வயது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கப்பலில் வேலை செய்தார். சரக்குக் கப்பல் அல்ல. வெளிநாட்டு முதியவர்கள் விடுமுறைக்கு ஏறி, நாள் முழுவதும் சாப்பிட்டபடி நாடு நாடாகச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல். அதன் வாத்தியக் குழுவில் அவர் கிட்டார் வாசித்தார். வருடத்தில் எட்டு மாதம் கடலில், மிச்சம் மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் எங்கள் வீட்டில். பெரிய வீதியோரத்து வீடு. தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறிகள் கடக்கும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். அப்பாவும் அப்படியொரு லொறிதான் ஓட்டினார் என்பதால் அந்தச் சத்தத்தை யாரும் குறை சொல்வதில்லை.

அந்த முறை மாமா எனக்கு ஒரு பழைய ஃபோனையும் அம்மாவுக்கு ஒரு சால்வையையும் கொடுத்தார். பிறகு நீளமான கறுப்புப் பெட்டியைச் சோபாவின் மேல் வைத்துத் திறந்தார். உள்ளே இருந்தது கிட்டார்தான். ஆனால் கழுத்து வழக்கத்தைவிட நீளம், கம்பிகள் ஒவ்வொன்றும் தடிப்பு. அவர் ஒரு கம்பியைத் தட்டியதும் என் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ அதிர்ந்தது. அதன் பெயர் பாரிட்டோன் கிட்டார் என்றார். சாதாரணக் கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவில் நிற்பதாம். எனக்கு என்னவோ இரண்டு வகுப்பிலும் சேர்க்காமல் வராந்தாவில் நிறுத்திவைத்த பிள்ளையைப் போலத் தோன்றியது.

அன்று மாலை அவர் அதன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கப்பலில் நீச்சல் தடாகத்துப் பக்கம் அலையில் சறுக்குகிறவர்களின் பழைய துள்ளல் பாட்டுக்கு இதைத்தான் எடுப்பார்களாம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு. அப்போது இந்தக் கிட்டார் பேஸ்காரன் வாசிக்கிற சுரத்தை அப்படியே ஒட்டிக்கொண்டு டிக் டிக் என்று கூடவே நடக்குமாம். குதிரைக்காரப் படங்களில் வெட்டவெளியைக் காட்டும்போது வருகிற அந்தத் தனி ஓசையும் இதுதான். கீழ்த்தட்டில் வேலைக்காரப் பையன்கள் கூடும் அறையில் மெட்டல் பாட்டு வாசிப்பவர்களுக்கும் இதுவே வேண்டும், கனமாக உறுமுவதற்கு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரியத்துக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். நீ எந்தக் காரியத்துக்கு வாங்கினாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு அம்மா பாடகி. மாத்தளையில் கல்யாணம், கோயில் திருவிழா, பாடசாலை விழா எல்லாவற்றுக்கும் போகிற ஒரு மியூசிக் குரூப்பில் அக்கா பாட, தம்பி கிட்டார் வாசிப்பாராம். எனக்கு ஞாபகமிருக்கும் அம்மா சமைக்கும்போது மட்டும் பாடுவார். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய கழுத்தில் கட்டி வந்து, கண்டியில் ஆப்பரேஷன் செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. ஒரேயடியாகப் போகவில்லை. சில மாதங்களில் திரும்பி வந்தது, ஆனால் வேறொருவருடையதைப் போல, தாழ்ந்து, கரகரத்து. அதுவரை பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டத்தில் உல்லாசப் பயணிகளுக்குக் கறுவாப்பட்டையையும் சாதிக்காயையும் காட்டி விளக்குவது அம்மாவின் வேலை. குரல் எட்டவில்லை என்று பொதி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பேச வேண்டியதில்லை. வீட்டிலும் அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஃபோனில் யாராவது அவரை அப்பா என்று நினைத்து ஐயா என்று கூப்பிட்டால், பதில் சொல்லாமல் என்னிடம் நீட்டிவிடுவார்.

பெரியம்மாவின் மகளுக்குத் தம்புள்ளையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பாட்டுக்கு அந்தப் பழைய குரூப்பையே பிடித்திருந்தார்கள். அதன் தலைவர் இப்போது வயிறு பெருத்த, எதற்கும் சிரிக்கிற கீபோர்ட்காரர். மாமாவும் ஒரு நாளைக்கு அவர்களோடு வாசிப்பதென்று பேச்சாகி, தலைவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா புதுக் கிட்டாரை எடுத்து ஒரு பைலா ஆட்டப்பாட்டும் பிறகு ஒரு பழைய சினிமாப் பாட்டும் வாசித்துக் காட்டினார். எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கீழே ஒலித்தன. தலைவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"என்னடா தம்பி, கிட்டாருக்குச் சளி புடிச்சிருச்சா?"

அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். பிஸ்கட் தட்டோடு வந்த அம்மா அதை வாசலிலேயே நின்று கேட்டார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு மாமாவுக்காக வெட்கமாக இருந்தது. கல்யாணத்துக்கு என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வரவிருந்தார்கள். கப்பலில் வாசிக்கிற மாமா என்று நான் அவர்களிடம் அளந்துவைத்திருந்தது கொஞ்சமல்ல.

செவ்வாயும் வியாழனும் எனக்கு மாத்தளையில் டியூஷன். அந்த நாட்களில் வீடு திரும்பினால் அம்மாவும் மாமாவும் முன்னறையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டவர்களின் முகம். ஒரு வியாழன் டியூஷன் சீக்கிரம் விட்டுவிட்டது. கேட்டைத் திறக்கும்போது அந்தத் தடித்த கம்பிகளின் ஓசை கேட்டது. அதோடு இழைந்து, அதே உயரத்தில் ஒரு குரல் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. மாமாதான் பாடுகிறார் என்று நினைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. நான் செருப்பைக் கழற்றும் சத்தத்தில் இரண்டும் நின்றுபோயின.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் சனிக்கிழமை. அப்பா லொறியோடு போயிருந்தார், அம்மா வேலைக்கு. மாமா கோட்டை அயர்ன் பண்ணக் கொடுத்துவிட்டு வருவதாக டவுனுக்குப் போனார். நான் தனியாக இருந்தேன். சங்கீத டீச்சர் கிட்டார் கம்பிகளின் ஆறு எழுத்துகளை எங்களுக்கு மனப்பாடம் செய்யவைத்திருந்தார். ஈ, ஏ, டீ, ஜீ, பீ, மறுபடி ஈ. சுருதி பார்க்கிற ஒரு செயலியையும் நான் அந்தப் பழைய ஃபோனில் இறக்கிவைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து தடித்த கம்பியைத் தட்டினேன். ஃபோன் பீ என்று காட்டியது. ஈ இருக்க வேண்டிய இடத்தில் பீ. அடுத்ததும் பிழை. ஆறில் ஒன்றுகூடச் சரியில்லை.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இத்தனை நாடு சுற்றிய மாமாவுக்குத் தெரியாத பிழையை நான் கண்டுபிடித்துவிட்டேன். சளி என்று தலைவர் சொன்னது இதைத்தான். நான் சரிசெய்துவைத்தால் நாளை யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முதல் கம்பியின் முறுக்காணியைத் திருகினேன். இறுகிக்கொண்டே போனது. ஃபோனின் முள் ஈ எழுத்தில் போய்ப் பச்சையானது. இரண்டாவதுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. அதுவும் பச்சையானது. மூன்றாவதைத் திருகும்போது மரம் முனகியது. கிட்டார் என்றால் முனகும்தானே என்று இன்னும் கால் சுற்று திருகினேன். படீர் என்றது. கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை ஒரு பக்கமாகக் கிளம்பி நின்றது. அதனடியில் பலகை நெடுக விரிசல், உள்ளே வெள்ளை மரம் தெரிந்தது.

நான் அழவில்லை. பெட்டியை மூடிக் கொக்கிகளை மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன். மேசையில் உட்கார்ந்து கணக்குக் கொப்பியைத் திறந்துகொண்டேன்.

மாமா இரண்டு மணிக்கு வந்தார். அம்மாவும் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரத்தில் வந்தார். டியூஷன் இல்லாத நாளில் நான் வீட்டில் இருக்கிறேன் என்பதைக்கூடப் பொருட்படுத்தாமல், "இன்னைக்கு ஒரு தடவ பாத்துருவோமா தம்பி" என்று அம்மா கேட்டார். நாளை மேடையில் பாடப்போவது அம்மா என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வியாழன் நான் கேட்ட குரலும் அவருடையதுதான். ஒரே ஒரு பாட்டு. பெரியம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குக்கூட நாளைக்குத்தான் தெரியவேண்டும் என்று வைத்திருந்தார்கள். சாதாரணக் கிட்டாரிலும் சுருதியை இறக்கிப் பாடலாம், ஆனால் அம்மாவின் குரல் அதில் ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். இந்தக் கிட்டார் அவருடைய குரலுக்குப் பக்கத்திலேயே, அதே தாழ்வில் நிற்கும். அதற்காகத்தான் மாமா ஒரு வருடச் சேமிப்பில் அதை வாங்கியிருந்தார். அவர் சொன்ன எத்தனையோ காரியங்களில் சொல்லாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

மாமா பெட்டியைத் திறந்தார். விரிசலை விரலால் தடவினார். பிறகு அவருடைய கை மேலே போய் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டது. மூன்றாவதில் நின்றது. தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் கொப்பியில் ஏழால் வகுத்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா அது?" என்று அம்மா கேட்டார்.

"என் தப்புதான்க்கா. நேத்து கம்பியத் தளர்த்தாம வெயில்ல வெச்சிட்டேன். மரம் விட்டிருச்சு."

அம்மா கிட்டாரின் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கத்தியிருந்தால் தேவலை. அவருக்குக் கத்துவதற்குக் குரல் இல்லை.

"நீ எப்பவும் இப்படித்தான். நம்ம அப்பா செத்தப்பவும் நீ இல்ல. கண்டியில என்னைய வெட்டிப் போட்டிருந்தப்பவும் இல்ல. பாட மாட்டேன்னு இருந்தவள ரெண்டு மாசமா ஆசை காட்டி இழுத்து, கடைசி நாள்ல இப்படிப் பண்ணிட்டியே."

தாத்தாவின் சாவுக்கு வரமுடியாமல் நடுக்கடலில் இருந்ததைப் பற்றி மாமாவுக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும். ஆனால் அவர் பெட்டியை மூடி அறைக்குக் கொண்டுபோனார். அம்மா மீன் கழுவப் போனார். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன். மாமா வெயிலைத்தான் நம்புகிறார் என்று நினைத்து, வெயிலுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

மறுநாள் மாமா இரவல் கிட்டாரில் வாசித்தார். சுருதியை இறக்கியாவது பாடலாம் அக்கா என்று மேடைக்குப் பின்னால் கெஞ்சினாராம். அம்மா பட்டுச்சேலையில், கழுத்துத் தழும்பை மறைத்துச் சால்வை போட்டுக்கொண்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் மாமா நன்றாக வாசிப்பதாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமா சொன்னதைவிட மூன்று வாரம் முந்தியே கப்பலுக்குப் போனார். கிட்டாரைக் கண்டியில் காட்டியபோது முகப்புப் பலகையையே மாற்ற வேண்டும் என்றார்களாம். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பிறகு இரண்டு தடவைதான் ஊருக்கு வந்தார், இரண்டு தடவையும் கொழும்பில் நண்பர் வீட்டில் தங்கினார். அம்மாவோடு ஃபோனில் பேசுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்றாகி, பிறகு வாழ்த்துப் படம் அனுப்புவதோடு நின்றது. அம்மா அதற்குப் பிறகு பாடவே இல்லை. அடுப்படியிலும் இல்லை.

போன வருடம் பல்கலைக்கழக விடுதியில் ஒரு தோழி மெட்டல் வாசிக்கிற பையன் ஒருவனின் வீடியோவைக் காட்டினாள். அவன் கையில் அதே நீளக் கழுத்துக் கிட்டார். இது தாழ்வாக ஒலிப்பதற்கென்றே செய்யப்பட்டது, சாதாரணச் சுருதிக்கு ஏற்றினால் கட்டை பிய்த்துக்கொண்டு வரும் என்று அவன் சொன்னான். ஆணியில் கம்பி எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தாலே யாரோ ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்றும் சொல்லிச் சிரித்தான். தோழி அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாள். மூன்றாவது ஆணியில் நின்ற மாமாவின் கை நினைவுக்கு வந்தது. நான் எழுந்து வெளியே போனேன்.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் திருகியதை, மாமா ஆணியைத் தொட்டுப் பார்த்ததை, என்னைப் பார்த்ததை. அம்மா வெள்ளைப்பூடு உரித்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. உரித்து முடித்துக் கையைத் துடைத்த பிறகு, அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பதினோரு வருஷமா அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசலையே புள்ள."

ஃபோனை எடுத்து மாமாவுக்குப் போட்டார். கப்பல் எந்தக் கடலில் இருந்ததோ, மணி போகவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெயிலின் மேல் பழி விழுந்துவிட்டால் யாருக்கும் நோகாது என்றுதான் அந்த வயதில் நான் நினைத்திருந்தேன்.