மதலேனாவின் இரண்டாம் தவக்காலம்

மன்னார்க் கீரிக் கரையில் மதலேனாவைத் தெரியாதவர் எவருமில்லை. மீன்களுக்கும் தெரியும், ஆனால் அவற்றுக்கு அவளை ஒரேயொரு தடவைதான் தெரிய வாய்த்தது. இருபத்தெட்டு வருடம் கருவாட்டு வாடியில் பலகைக்கு முன்னால் குந்தியிருந்து பாரையும் கட்டாவும் பிளந்து உப்பிட்டவள். கத்தி மழுங்கினாலும் வாய் மழுங்காது.

புருஷன் கடலோடு போன பிறகு தன் உழைப்பில் தின்றாள், குறைவில்லாமல் தின்றாள். ஐம்பத்திரண்டு வயதில் தொண்ணூற்று மூன்று கிலோ. முழங்கால் இரண்டும் தேய்ந்து, குந்தினால் எழும்ப ஆள் தேவைப்பட்டது. தம்பி பெண்சாதி செலீனா இதற்காகவே காத்திருந்தவள் போல ஒரு பிளாஸ்ரிக் கதிரை வாங்கித் தன் வீட்டு விறாந்தையில் போட்டாள்.

"மச்சாள், இனி இதில வந்து இருங்கோ. நான் பாக்கிறன்."

செலீனா பார்க்கிற விதம் மதலேனாவுக்குத் தெரியும். செலீனாவின் தாய் அதே விறாந்தையில் ஆறு வருடம் கிடந்து, ஒரு தேத்தண்ணிக்கு மூன்று தரம் இருமிக் காட்டிச் செத்தவள். அந்தக் கதிரையில் உட்காருவதா, தன் காலில் வாடிக்குப் போவதா என்பதுதான் மதலேனாவின் கணக்கில் மிச்சமிருந்த ஒரே கேள்வி.

இரண்டாயிரத்துப் பதினேழில், உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் டொக்டர் முழங்கால் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முழங்கால் மாத்தலாம். நாலு மாசத்தில பத்துக் கிலோ குறையுங்கோ. இல்லாட்டி ஒப்பரேசன் லிஸ்ற்றில உங்கட இடத்துக்கு வேற ஆள்."

"என்னத்தைக் குறைக்கிறது, ஐயா?"

"சாப்பாட்டை."

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எட்டு மணித்தியாலம் வரிசையில் நின்று வாங்கிய வைத்தியம் ஒரு சொல்.

மிச்சச் சொற்களைப் பிரான்சிஸ்கா கொடுத்தாள். கோயில் பங்கின் மாதர் சங்கத் தலைவி. வேலியால் எட்டிப் பார்க்காமலே ஊர்ப் பாவங்களைப் பெயர்விபரத்தோடு சொல்லக்கூடியவள்.

"மதலேனா, போசனப்பிரியம் தலையான பாவங்களில ஒண்டு. பேசாமல் ஒருசந்தி பிடியும். ஆண்டவருக்கும் ஆச்சு, முழங்காலுக்கும் ஆச்சு."

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு நேரம் சாப்பாடு. தவக்காலத்தில் திருச்சபை விலக்கச் சொல்வது இறைச்சியை. நாளும் மீனே தின்னும் கீரியில் இறைச்சியை விடுவதில் என்ன தியாகம்? அதனால் மதலேனாவின் தெருவில் மீனையும் முட்டையையும் சேர்த்தே விடுவார்கள். ஆக, தவக்காலம் முடிந்து பத்து நாளில் அவள் இரண்டாம் தவக்காலத்தைத் தொடங்கினாள். மத்தியானம் வெள்ளைச் சோறும் பருப்பும். காலையிலும் மாலையிலும் சீனி போட்ட பிளேன்ரீ. பசி பொறுக்காவிட்டால் பேக்கரியில் ஒரு இனிப்புப் பணிஸ். பணிஸ் சோறில்லையே.

பகல் முழுதும் மீன் வெட்டினாள், ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. ஈரலையும் சினையையும் காலடியில் காத்திருந்த சாம்பல் பூனைக்கு எறிந்தாள்.

இரண்டு மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது. பிரான்சிஸ்கா அவளைச் சங்கக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கைதட்ட வைத்தாள். சீப்போடு வந்த தலைமயிருக்கு எவரும் கைதட்டவில்லை. மணலில் பத்தடி நடக்க மூச்சு வாங்கியது. ஒருநாள் கத்தி தானாகவே கையிலிருந்து நழுவியது.

நாலாம் மாதம் எடை சரியாக வந்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள்: ஹீமோகுளோபின் எட்டு. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. டொக்டர் பைலை மூடினார்.

"இந்த ரத்தத்தோட கத்தி வைக்கேலாது. ரெண்டு மாசம் தாறன். ரத்தம் ஏற வேணும், எடை ஏறக்கூடாது."

அன்று பின்னேரம் செலீனா கதிரையை ஈரத்துணியால் துடைத்து வைத்தாள்.

மன்னாரில் கிளினிக்குக்குச் சாப்பாட்டு முறை சொல்ல வருகிற இராசேஸ்வரி மிஸ் நானாட்டான்காரி. வயல் குடும்பம். எடை பார்க்கப் போன மதலேனாவைத் தராசில் ஏற்றும் முன் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. மதலேனா பெருமையோடு ஒப்புவித்தாள்.

"என்ன தொழில், அம்மா?"

"மீன் வெட்டுறது."

"அந்த மீனை ஆர் தின்னுறது?"

"சனம்."

"ஈரல், சினை?"

"பூனை."

"அப்ப பூனைக்கு ரத்தம் எத்தனை எண்டு ஒருக்காப் பாக்க வேணும். பூனைக்கு மயிர் கொட்டுதோ?"

மதலேனா பூனையை நினைத்துப் பார்த்தாள். பூனை பளபளவென்றுதான் இருந்தது.

"சோத்தையும் சீனியையும்தான் குறைக்க வேணும். நீங்கள் மீனைக் குறைச்சிருக்கிறியள்," என்றாள் இராசேஸ்வரி. சோற்றுக் கோப்பையில் ஒரு கோடு காட்டி, சோறு அதற்கு மேல் போகக்கூடாது என்றாள், அதுவும் சிவப்பரிசி. குறைந்த சோற்றுக்குப் பதிலாகத் தட்டில் முருங்கையிலை வறை, தேசிக்காய் பிழிந்து. காலையில் முட்டையும் அவித்த பயறும். மத்தியானம் மீனும் பூனைக்குப் போன ஈரலும் சினையும், சின்னச் சூடை மீனென்றால் முள்ளோடு சப்பச் சொன்னாள். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிச் சீனியில்லாமல் குடிக்க வேண்டும். சோற்றோடு குடித்தால் இரத்தத்துக்குப் போக வேண்டியதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தாள்.

"இதென்ன மிஸ், பத்தியமோ கலியாணவீடோ?"

"கோட்டைத் தாண்டினால் கலியாணவீடு. இன்னொண்டு, கருவாடு வேண்டாம். உப்பு."

"என்ர கையால போட்டதை வேண்டாமெண்டுறியள்?"

"உங்கட கைக்குத் தெரியும்தானே எவ்வளவு உப்புப் போட்டதெண்டு."

பூனைக்குத்தான் முதல் நட்டம். மூன்று நாள் பலகையடியில் கத்திப் பார்த்துவிட்டு அடுத்த வாடிக்குப் போய்விட்டது. இரண்டாவது நட்டம் பிரான்சிஸ்காவுக்கு. ஒரு மத்தியானம் வந்தவள், சினைக் குழம்பைக் கண்டு வாசலிலேயே சிலுவை போட்டாள்.

"சங்கத்தில கைதட்டின பிறகு நேர்த்தியை முறிச்சுப் போட்டீரே!"

மதலேனா சூடை முள்ளை ஆறுதலாகச் சப்பி முடித்தாள்.

"பிரான்சிஸ்கா, ஆண்டவர் சனத்துக்கு அப்பமும் மீனும் குடுத்தவர். நீர் மீனைப் பறிச்சுப்போட்டு என்னைப் பணிசோட விட்டனீர். இரும், தேத்தண்ணி ஒரு மணித்தியாலத்தில தாறன்."

பிரான்சிஸ்கா இருக்கவில்லை.

இரண்டு மாதத்தில் இரத்தம் பதினொன்றரைக்கு ஏறியது. எடை இன்னும் மூன்று கிலோ இறங்கியது. டொக்டர் பைலைத் திறந்து முழங்கால் மாற்ற நாள் குறித்தார். எப்படி என்று கேட்கவில்லை, அவருக்கு நேரமில்லை. அடுத்த உயிர்த்த ஞாயிறுக்கு மதலேனா தன் காலில் கோயிலுக்கு நடந்து, செலீனா வீட்டு விறாந்தையைத் திரும்பிப் பாராமல் கடந்தாள். புது முழங்காலோடு இனிக் குந்த முடியாது என்றபடியால் மேசையொன்று அடித்து, அதன்மேல் பலகையை வைத்து நின்றபடி வெட்டினாள். கதிரையில் செலீனா காயவைக்கத் துணி போட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம். பிறகு ஒரு காய்ச்சல், ஒன்பது நாள். காய்ச்சல் தொடங்கிய அன்று காலையும் வாடிக்குப் போய்வந்தவள்.

செத்தவீட்டுக்கு ஆட்கள் கூடியபோது இருக்க இடம் போதவில்லை. செலீனா அந்தக் கதிரையைத் தூக்கிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட, பிரான்சிஸ்கா அதில் உட்கார்ந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்:

"புண்ணியவதி. ஒருசந்தி பிடிச்சே உடம்பைக் குறைச்சு நடந்தவ. நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

செலீனா தலையாட்டினாள். மற்றவர்களும் ஆட்டினார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே வாயை அன்று காலையில்தான் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.