வாஷிங் மெஷினின் இறுதி ஊர்வலம்

காமெனுக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் விதின் நகரத்தில் அவருடைய டிரம்பெட் இல்லாமல் எந்தக் கல்யாணமும் களைகட்டியதில்லை, எந்தப் பிணமும் வாசலைத் தாண்டியதில்லை. இசைக் கல்லூரியில் படித்த ஒருவன் அவர் பக்கத்தில் நின்று ஊதிப் பார்த்தான். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.

வயதான பிறகு நையாண்டியில் இறங்கினார். கடைப் பைகளைத் தைத்துக் கோட்டாக மாட்டிக்கொண்டு, புதிய மாலின் வாசலில் நின்று, தள்ளுபடி விளம்பரப் பாட்டை ஒப்பாரி மெட்டில் ஊதுவார். அந்த மாலிலிருந்து ஓர் ஊசிகூடத் தன் வீட்டுக்குள் வராது என்று சந்தையில் எல்லார் காதிலும் விழும்படி சபதமும் போட்டிருந்தார்.

அப்போதுதான் வீட்டு வாஷிங் மெஷின் செத்தது. கேரண்டி முடிந்த மறுவாரமே. இன்னொருவனாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பான். காமென் மூன்று வாரம் ஒப்பாரிக்கு மெட்டுக் கட்டிவிட்டு அச்சகத்துக்கு ஓடினார். கறுப்புக் கட்டம் போட்டு, மெஷினின் படத்தோடு இரங்கல் தாள் அடித்து, விளக்குக் கம்பம் ஒன்று விடாமல் ஒட்டினார். "எங்களுக்காக ஓயாமல் உழைத்தவள், சனிக்கிழமை மால் வாசலில் இறுதி மரியாதை" என்று தாளில் இருந்தது.

நம் ஊரார் செய்தித்தாளைப் புரட்ட மாட்டார்கள், இரங்கல் தாளைப் படிக்காமல் நகரவும் மாட்டார்கள். அந்தச் சனிக்கிழமை பாதி ஊர் கூடிவிட்டது. கண்ணாடி போடாமல் படித்த சிலர் நிஜச் சாவு என்று நம்பி, சாவு வழக்கப்படி இரட்டைப்படையில் பூ வாங்கி வந்திருந்தார்கள். வாங்கியதை வீணாக்குவானேன் என்று கைவண்டியில் ஊர்வலமாக வந்து வாசலில் நின்ற மெஷின் மேலேயே வைத்தார்கள். சாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும், சர்க்கரை போட்ட அவித்த கோதுமையும் கை மாறியது. பக்கத்து வீட்டு அசென் முரசு. காமெனின் மனைவி யோர்டாங்கா கறுப்பு முக்காட்டோடு முதல் துக்கக்காரி.

கூட்டம் அழுது, சிரித்து, மாலுக்கு முதுகைக் காட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டும். அதுதான் காமெனின் கணக்கு. நடந்தால் கலைஞர். நடக்காவிட்டால் பையை மாட்டிக்கொண்ட கோமாளி.

ஊதினார். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு கிழவிகள் நிஜமாகவே அழுதார்கள்.

அந்த நேரம் பார்த்து மால் மேலாளர் ஸ்டிலியானா வெளியே வந்தாள். சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். மெஷின் மேல் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"உங்க துக்கத்துல நாங்களும் பங்கு எடுத்துக்கறோம். சாவுக்கு வந்தவங்க எல்லாருக்கும் இன்னைக்குப் பாதி விலை."

யார் முதலில் போவது என்று கொஞ்சம் வெட்கம் இருந்தது. முரசு முதலில் போனது. பிறகு வாயில் கோதுமையோடு கூட்டமே போனது. யோர்டாங்கா முக்காட்டை அவிழ்த்து மடித்தாள்.

"நீயுமா?" என்றார் காமென்.

"ஒரு மாசமா குளியல் தொட்டியில குனிஞ்சு துவைக்கறேன், இந்தப் பைக் கோட்டையும் சேர்த்து. உங்க கலைக்கு என் இடுப்புதான் கிடைச்சுதா?"

அவர் தனியாக நின்று ஊதிக்கொண்டிருந்தார். "நிறுத்தாதீங்க ஐயா, உள்ள நல்லாக் கேக்குது, வியாபாரமும் நல்லாப் போகுது" என்றாள் ஸ்டிலியானா. நிறுத்தினார்.

வண்டிக்காரர்கள் யோர்டாங்கா வாங்கிய புது மெஷினைக் குடியிருப்பின் கீழேயே இறக்கிவிட்டுப் போனார்கள். வீடு நாலாவது மாடி, லிஃப்ட் ஓடியதே இல்லை. அசென் ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கத்தை யோர்டாங்கா கண்ணாலேயே காட்டினாள். காமென் மெஷினின் வட்டக் கதவைத் திறந்து, டிரம்பெட்டை உள்ளே வைத்து மூடிவிட்டுத் தூக்கினார்.

இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பெண் என்ன விலை என்று கேட்டாள்.

"பாதி விலை" என்றார் காமென்.