செங்கல் பொடி வீடு

போன வாரம் பக்கத்து வீட்டை இடித்தார்கள். உடைந்த செங்கல்லையும் காரையையும் டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய் ஏரிக்குள் கொட்டுகிறார்களாம். தூசு அடங்கட்டுமென்று யாரோ தண்ணீர் தெளிக்க, பழைய சுண்ணாம்பு நனைந்த வாசனை எங்கள் சன்னல் வழியே வந்தது. மருமகள் சன்னலைச் சாத்த எழுந்தாள். வேண்டாமென்றேன். நான் குடித்தனம் ஆரம்பித்ததே அந்த வாசனைக்குள்தான்.

அப்போது எனக்குச் சூரமங்கலத்தில், ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை இறக்கும் வேலை. பக்கத்திலேயே ரயில்காரர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி பாவாயி அங்கே சித்தாள். உடைந்த செங்கல்லை இடித்துப் பொடியாக்குவது அவள் வேலை. அந்தப் பொடியைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசினால் கல்லாக இறுகிவிடும். சாயங்காலம் வரும்போது அவள் புருவம்கூடச் சிவந்திருக்கும். எங்கள் மகள் மயிலாத்தாள் ஓடிப்போய் அம்மாவின் கன்னத்தை விரலால் தொட்டு, அந்தச் சிவப்பைத் தன் நெற்றியில் பொட்டாக வைத்துக்கொள்வாள்.

இடித்தது போக மீந்த அரைச் செங்கல், மூளி ஓடெல்லாம் பள்ளத்துக்குத்தான் போகும். மேஸ்திரி நல்ல மனுஷர். “கொட்டறத நீ கொண்டு போ, ஆத்தா” என்று பாவாயியிடம் சொல்லிவிட்டார். கூடை கூடையாகச் சுமந்து, ஏரிக்கரைப் புறம்போக்கில் ஒரு வீடு கட்டினோம். கட்டினோம் என்று பெருமையாகச் சொல்கிறேன். நான் வைத்த சுவர் நிறைமாதக்காரி வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

மரச் சாமான் எல்லாம் கள்ளிப்பெட்டிப் பலகையில் செய்தது. சரக்குக் கொட்டகையில் உடைந்துபோன பெட்டிகளைக் கேட்டு வாங்கி வருவேன். கோணிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவேன். கதவாக அடித்த பலகையில் பெரிதாக இங்கிலீஷ் எழுத்து இருந்தது. ஒருநாள் அந்தப் பக்கம் வந்த குமாஸ்தா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “இந்தப் பக்கம் மேல இருக்கோணும்னு போட்டிருக்குது. நீ தலைகீழா அடிச்சிருக்கறயேப்பா.”

பாவாயிக்கும் சிரிப்பு. “உடுங்க. இனி அதக் கழட்டி மாட்டுனா இருக்கற செவுரும் கூட வந்துரும்” என்றாள். மயிலாத்தாளோ அந்த எழுத்துகளைத் தலைகீழாகவே கரியால் தரையெல்லாம் எழுதிப் பழகினாள். அவள் கற்ற படிப்பு அவ்வளவுதான்.

அவளுக்கும் ஒரு கட்டில் செய்தேன். அளவுக்குச் செய்யப் போனபோது பாவாயி விடவில்லை. “நீளமாப் போடுங்க. பெரிய புள்ளையானாலும் படுக்கோணுமல்லங்க.” அதனால் குழந்தை படுத்தால் பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கும்.

மறு வருஷம் ஊரில் எலி செத்து விழ ஆரம்பித்தது. பிளேக் என்றார்கள். எல்லோரும் வீட்டைப் போட்டுவிட்டு அறுத்த சோளக்காட்டில் கொட்டகை போட்டுக்கொண்டு போனோம். போன இடத்தில் மயிலாத்தாளுக்குக் காய்ச்சல் கண்டது. தொடை இடுக்கில் நெறி கட்டியது.

“அப்பா, ஊட்டுக்குப் போலாம். எங் கட்டல்ல படுத்துக்கறேன்.”

“காச்ச உடட்டும் சாமி, போலாம்” என்றேன்.

மறுநாள் உச்சி வெயிலில் அவள் போய்விட்டாள். அருகிலிருந்த இடுகாட்டில் புதைத்தோம். தூக்க நாலு பேர் வரவில்லை. நானே தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

நோய் அடங்கியதும் வீடு திரும்பினோம். உள்ளே வெயில் அடிக்கட்டுமென்று சுகாதாரத்து ஆட்கள் கூரை ஓட்டைப் பிரித்திருந்தார்கள். கதவையும் மரச் சாமான்களையும் வாசலில் குவித்து எரித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோய் கண்ட குடும்பத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தான். பாவாயி அங்கே நின்ற ஆளிடம், “சின்னக் கட்டலும் இதுலதானுங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாங்க” என்றான்.

அவள் அழவில்லை. கடப்பாரையை எடுத்துச் சுவரைப் பெயர்க்க ஆரம்பித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. “என்ன புள்ள பண்றே?” என்று கையைப் பிடித்தேன்.

“புள்ள வெறும் மண்ணுல கெடக்கறா. மழ வந்தாக் கரைஞ்சு போயிருமுங்க.”

கையை விட்டுவிட்டேன். அவள் இடித்தாள், நான் சுண்ணாம்பு குழைத்தேன். அதுவரை அவள் இடித்த பொடியில் ஊரார் வீடெல்லாம் எழும்பியிருக்கிறது. இந்தப் பொடியை மட்டும் மாவு சலிப்பதுபோல் முந்தானையில் சலித்தாள். இடுகாட்டில் அந்தச் சின்ன மேட்டின் மேல் பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று நான் தூக்கியபோதுதான் பார்த்தேன். முகத்துச் சிவப்புப் பொடியில் கண்ணீர் இறங்கிய தடம் இருந்தது.

அதன்பிறகு அந்த ஊரில் இருக்க முடியவில்லை. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போனோம். இரண்டு பையன்கள் பிறந்தார்கள். மயிலாத்தாளைப் பற்றி அவர்களிடம் நாங்கள் பேசியதில்லை. எங்களுக்குள்ளும் பேசிக்கொண்டதில்லை.

வெகுகாலம் கழித்து ஒரு கல்யாணத்துக்குச் சூரமங்கலம் போனேன். பாவாயிக்கு முடியவில்லை, படுக்கையில் இருந்தாள். இடுகாட்டைத் தேடினேன். மண் போட்டு நிரவி, வரிசையாகக் கடைகள் கட்டியிருந்தார்கள். எந்தக் கடைக்கு அடியில் என்றுகூடத் தெரியவில்லை. ஒரு டீக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாவாயி கேட்டாள்: “காரை பேந்திருக்குதுங்களா?”

“இல்ல. அப்படியேதான் இருக்குது.”

“நல்லாச் சலிச்ச பொடியல்லங்க” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மாசமே அவளும் போய்விட்டாள். இப்போது மயிலாத்தாள் என்று சொன்னால், அது யார் என்று கேட்கத்தான் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.